காலியாக இருந்த ஓரிடம்: அயர்லாந்தின் சிறுகுழு இசைக்குள் கிரேக்கப் பூசூக்கி நுழைந்த வரலாறு

அயர்லாந்தின் மதுக்கடைகளில் நாட்டார் இசைக்கலைஞர்கள் வட்டமாக அமர்ந்து வாசிக்கும் கூடுகையை ‘செஷன்’ என்பார்கள். ஃபிடில், மரப் புல்லாங்குழல், கான்செர்டினா, துருத்திக் குழல் ஆகியவற்றுக்கு நடுவே நீண்ட கழுத்துள்ள ஒரு தந்திக் கருவியையும் அங்கே பெரும்பாலும் காணலாம். அதுதான் பூசூக்கி. அயர்லாந்து மரபிசையின் இயல்பான கருவிகளில் ஒன்றாகவே இளைய தலைமுறை அதைக் கருதுகிறது. ஆனால் 1960-களின் நடுப்பகுதிக்கு முன்பு அந்த இசையில் அதற்கு இடமே இருந்ததில்லை. அது கிரேக்கத்தின் துறைமுக நகரங்களில் வளர்ந்த கருவி. வந்து பதினைந்து ஆண்டுகளுக்குள், பழமையைக் கட்டிக்காப்பதில் பிடிவாதமான ஓர் இசை மரபு அதைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது. இது எப்படி நடந்தது என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. யாரோ ஒருவர் கிரேக்கத்திலிருந்து வாங்கி வந்தார், அது நாகரிகமாகிவிட்டது என்பது ஒன்று. அயர்லாந்து இசைக்கும் மத்தியதரைக் கடல் இசைக்கும் இடையே ஆதிகாலத்து உறவு உண்டு, அந்த உறவு மீண்டும் விழித்துக்கொண்டது என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது அழகான கற்பனை. அயர்லாந்தில் சிறுகுழு என்ற அமைப்பு உருவானபோது அதனுள் ஓர் இடம் காலியாகவே இருந்தது. அந்த இடத்தின் அளவுக்குப் பொருந்திய கருவி என்பதால்தான் பூசூக்கி நிலைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் காலியிடம் எப்படி உண்டானது என்பதற்கு இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போகவேண்டும். அயர்லாந்து மரபில் தாழ்ந்த சுரங்களைச் சேர்த்து மெட்டுக்கு அடித்தளம் கொடுக்கக்கூடியதாக இருந்த பெருங்கருவி, உலோகத் தந்தி கட்டிய யாழ். பிரபுக்களின் ஆதரவில் வாழ்ந்த யாழ்க் கலைஞர்கள் அந்தப் பிரபுக் குடும்பங்கள் அழிந்ததோடு அழிந்தார்கள். 1792-இல் பெல்ஃபாஸ்டில் கூட்டிய யாழ் விழாவுக்கு வந்து சேர்ந்த அயர்லாந்துக் கலைஞர்கள் பத்துப் பேர்தான். அவர்களில் பழைய முறைப்படி விரல் நகத்தால் தந்தியை மீட்டியவர் டெனிஸ் ஹெம்ப்சன் என்ற முதியவர் ஒருவரே. அங்கே மெட்டுகளைக் குறித்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர் எட்வர்ட் பண்டிங் என்னும் இளம் ஆர்கன் கலைஞர். 1796-இல் தொடங்கி அவர் வெளியிட்ட தொகுப்புகள் அந்த மெட்டுகளுக்குப் பியானோவுக்கான ஐரோப்பிய உடையைப் போட்டுவிட்டன. யாழ் போனபின் எஞ்சியது ஒற்றை வரி இசை: நடனத்துக்கு ஒரு ஃபிடில் அல்லது ஒரு குழல், பாட்டுக்குப் பக்கவாத்தியமே இல்லாத குரல். சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ’நீல் 1903-இல் வெளியிட்ட பெருந்தொகுப்பில் 1,850 மெட்டுகள் உள்ளன. அத்தனையும் ஒற்றை வரிகள்தான். அந்த இசையின் வாழ்க்கையே அப்படித்தான் இருந்தது.

துருத்திக் குழல் விதிவிலக்கு அல்லவா என்று கேட்கலாம். இல்லின் பைப் எனப்படும் அந்தக் கருவியில் முழங்கையால் துருத்தியை இயக்குவார்கள். மூன்று சுருதிக் குழாய்கள் இடைவிடாமல் ஒலிக்கும். மணிக்கட்டின் ஓரத்தால் அழுத்தி ஒலிக்கச் செய்யும் மூன்று ‘ரெகுலேட்டர்’ குழாய்களும் உண்டு. ஆனால் ரெகுலேட்டரைச் சிக்கனமாகத் தொடுவதுதான் பல தேர்ந்த கலைஞர்களின் வழக்கம். கேட்பவர் காதில் நிலைத்தது சுருதிதான். பின்னாளில் எந்தப் பக்கவாத்தியம் செல்லும், எது செல்லாது என்பதை இந்தச் சுருதிப் பழக்கமே தீர்மானித்தது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சிக்கலைச் சொல்வது ஒருவகையில் எளிது. அயர்லாந்து நடன மெட்டுகள் பெரும்பாலும் நான்கு சுர வரிசைகளில் அமைந்தவை. கமகம், சஞ்சாரம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு ஏறுவரிசையை மட்டும் பார்த்தால் அவை சங்கராபரணம், அரிகாம்போதி, கரகரப்பிரியா, நடபைரவி. முதல் இரண்டுக்கும் அந்தர காந்தாரம், மற்ற இரண்டுக்கும் சாதாரண காந்தாரம். சிக்கல் எங்கே என்றால், ஒரே மெட்டு ஓரிடத்தில் ஒரு வரிசையிலும் அடுத்த இடத்தில் வேறு வரிசையிலும் நிற்கும். பழைய ஃபிடில் கலைஞர்களும் குழல்காரர்களும் காந்தாரத்தையோ நிஷாதத்தையோ இரண்டுக்கும் நடுவில் பிடிப்பதும் உண்டு. ஐரோப்பிய ஹார்மனியின் அடிப்படைச் சுரக்கூட்டு ச-க-ப. அதை ஒலித்த கணத்திலேயே காந்தாரம் எது என்று முடிவாகிவிடுகிறது. மெட்டு முடிவு செய்யாமல் விட்டதைப் பக்கவாத்தியம் முடிவு செய்துவிடுகிறது. நியூயார்க்கில் 1921 முதல் இசைத்தட்டுகள் பதிவுசெய்த ஸ்லைகோ ஃபிடில் மேதை மைக்கேல் கோல்மனின் பதிவுகளைக் கேட்டால் இந்த மோதல் புரியும். மரபு தெரியாத பியானோக்காரர்கள் சிலர் அவருக்குப் பின்னால் தட்டும் சுரக்கூட்டுகள் மெட்டோடு உரசுகின்றன. கோல்மனின் வில் ஒரு பக்கம் போகிறது, பியானோ வேறு பக்கம் போகிறது.

அயர்லாந்துக்குள்ளும் இதே நிலை. 1935-இல் வந்த பொது நடனக்கூடச் சட்டம் உரிமம் இல்லாத நடனங்களுக்குத் தடை விதித்தது. வீட்டு அடுக்களைகளில் ஆடிவந்த நடனம் பெரிய கூடங்களுக்குப் போனது. இந்த இடமாற்றத்துக்கு அந்தச் சட்டம் ஒன்றுதான் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். விளைவில் வேறுபாடு இல்லை. கூடத்தை நிரப்பப் பெரும் ஓசை தேவைப்பட்டது. கெய்லி பேண்டுகள் அதைக் கொடுத்தன: ஃபிடில்களும் அக்கார்டியனும் புல்லாங்குழலும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்க, பியானோவும் டிரம்மும் அடியைக் கட்டிக்கொடுக்கும். கிளேர் மாவட்டத்தின் கில்ஃபெனோரா, டல்லா பேண்டுகள் இன்றும் மதிப்போடு நினைக்கப்படுகின்றன. அங்கே பியானோ பெரும்பாலும் தாளக் கருவியாகவே பிழைத்தது. ஹார்மனியாக அது என்ன சொல்கிறது என்று ஆடுபவர் யாரும் காதுகொடுக்கவில்லை. ஆடும் கூட்டத்துக்கு அது போதும். உட்கார்ந்து கேட்கும் கூட்டம் உருவாகும்வரை இது சிக்கலாகவே தோன்றவில்லை.

அந்தக் கேட்கும் கூட்டத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஷான் ஓ ரியாடா. 1960-களின் தொடக்கத்தில் அவர் கூட்டிய கியோல்டோரி குவாலன் குழுவை நாட்டார் இசையின் தொடர்ச்சி என்று அழைப்பது ஓரளவே சரி. மேலை இசையில் பயின்ற ஓர் இசையமைப்பாளர், நாட்டார் கலைஞர்களை அறையிசைக் குழுபோல அமர்த்திய அமைப்பு அது. எல்லாரும் எல்லா நேரமும் சேர்ந்து வாசிக்கக் கூடாது. ஒருவர் தொடங்க, இன்னொருவர் சேர, மூன்றாமவர் விலக, ஒலியின் அடர்த்தி மாறிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது அவர் கொண்டுவந்த புதுமை. 1962-இல் அவர் வானொலியில் ஆற்றிய உரைத்தொடர் கெய்லி பேண்டுகளையும் பியானோவையும் கடுமையாகத் தாக்கியது. ஆனால் பியானோவைத் துரத்தியபின் அந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி அவருக்கும் எழுந்தது. பழைய உலோகத் தந்தி யாழின் ஒலிக்கு நெருக்கமானது என்று சொல்லி ஹார்ப்சிகார்டு என்ற பழைய விசைப்பலகைக் கருவியை வைத்தார், தானே வாசித்தார். அறிவார்ந்த தேர்வுதான். ஆனால் மதுக்கடைக்குத் தோளில் சுமந்துபோக முடியாத கருவி அது. 1971-இல் தம் 40-ஆம் வயதில் அவர் இறந்தபோது, சிறுகுழு என்ற வடிவம் நாட்டில் வேரூன்றியிருந்தது. அவரது குழுவிலிருந்த பேடி மொலோனி 1962-இலேயே தொடங்கிய ‘சீஃப்டன்ஸ்’ குழு அதற்குச் சான்று. ஹார்ப்சிகார்டு வைத்த இடம் மட்டும் மறுபடி காலியாயிற்று.

இனி கிரேக்கத்துக்கு வருவோம். 1922-இல் ஸ்மிர்னா பேரழிவு, 1923-இல் துருக்கியுடன் மக்கள் பரிமாற்றம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிரேயஸ் துறைமுகத்தின் ஏழைக் குடியிருப்புகளில் ரெபெடிகோ என்ற நகர்ப்புறப் பாடல் வகை செழித்தது. 1934-இல் மார்கோஸ் வம்வகாரிஸ், பாட்டிஸ், டெலியாஸ், பகியும்ட்ஸிஸ் நால்வரும் சேர்ந்து அமைத்த பிரேயஸ் நால்வர் குழு, பூசூக்கியை மையத்தில் வைத்த சிறுகுழு. அன்றைய பூசூக்கிக்கு மூன்று இணைத் தந்திகள். அவற்றை டி-ஏ-டி என்று மேலை இசைக்காரர் சொல்லும் முறையில், நம் கணக்கில் ச-ப-ச என்று சேர்த்தார்கள். துருக்கிய மகாம்களோடு உறவுள்ள ‘திரோமி’ என்ற சுரப் பாதைகளில் மெட்டு ஒரு தந்தியில் நகரும். மற்றவை சுருதியாக நிற்கும். பிறகு நிலைமை மாறியது. 1950-களில் பூசூக்கிக் கலைஞர் மனோலிஸ் ஹியோட்டிஸ் நான்காவது இணைத் தந்தியைப் பரப்பி, கிதாரின் மேல் நான்கு தந்திகளை அப்படியே ஒரு முழுச்சுரம் இறக்கியதுபோன்ற சுதிச் சேர்ப்பைக் கொண்டுவந்தார். அதில் நடுவிலுள்ள இரண்டு திறந்த தந்திகளுக்கு இடையே அந்தர காந்தார இடைவெளி அமைந்திருக்கிறது. வேகமான விரலோட்டமும் மேலை ஹார்மனியும் கைக்கு எளிதாயின. 1960-இல் இசையமைப்பாளர் தியோடோராகிஸின் ‘எபிடாஃபியோஸ்’ பாடல்தொகுதியில் ஹியோட்டிஸ் வாசித்தபோது பூசூக்கி அறிவாளிகளின் அரங்கிலும் ஏறியது. 1964-இல் வந்த ‘ஸோர்பா’ படம் அதை உலகம் முழுவதும் கொண்டுபோனது.

இப்படிப் புகழின் உச்சியில் இருந்த கருவி ஒன்று 1960-களின் நடுவில் டப்ளினுக்கு வந்தது. ஜானி மொய்னிஹன் அதை எடுத்துக்கொண்டார். 1966-இல் அவரும் ஆண்டி இர்வைனும் இன்னொருவரும் சேர்ந்து தொடங்கிய ‘சுவீனீஸ் மென்’ மூவர் குழுவில் அயர்லாந்துப் பாடல்களுக்கும் அமெரிக்க மலைநாட்டுப் பாடல்களுக்கும் அது பக்கவாத்தியம் ஆனது. மொய்னிஹன் தேர்ந்துகொண்ட சுதிச் சேர்ப்பில் என் வாதத்தின் நடுவான சான்று இருக்கிறது. மேலை முறையில் ஜி-டி-ஏ-டி. டி-யை ஆதார சட்ஜமாகக் கொண்டால் ம-ச-ப-ச. நான்கு திறந்த தந்திகளிலும் காந்தாரம் கிடையாது, பக்கத்துப் பக்கத்துத் தந்திகளுக்கு இடையிலும் காந்தார இடைவெளி கிடையாது. ஒன்றிரண்டு விரல் வைத்தால் போதும்: சட்ஜ-பஞ்சமம் மட்டும் உள்ள வெறுங்கூட்டு கிடைக்கும், மெட்டு அதன்மேல் எந்தக் காந்தாரத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கிரேக்கத்தில் ஹியோட்டிஸ் காந்தாரத்தைக் கருவிக்குள் கொண்டுவந்த சில ஆண்டுகளிலேயே, டப்ளினில் மொய்னிஹன் அதை வெளியேற்றினார். வம்வகாரிஸின் ச-ப-ச முறைக்கு அது ஏறத்தாழத் திரும்பிப் போனதுபோல் ஆயிற்று. ஆனால் பிரேயஸைப் போலச் செய்யவேண்டும் என்ற நோக்கம் அங்கே இல்லை. அயர்லாந்து மெட்டின் தேவை அது. கருவியை வாங்கினார்கள், அதன் அன்றைய இசைமொழியை வாங்கவில்லை.

1971-இல் கில்டேர் மாவட்டத்தின் பிராஸ்பரஸ் என்ற சிற்றூரில் ஒரு பழைய வீட்டின் நிலவறையில் பாடகர் கிறிஸ்டி மூர் தம் இசைத்தட்டைப் பதிவுசெய்தார். 1972-இல் அது வெளிவந்தது. அதில் வாசித்த இர்வைன், டோனல் லனி, துருத்திக் குழல் மேதை லியம் ஓ’ஃபிளின் ஆகியோரும் மூரும் சேர்ந்து ‘பிளாங்ஸ்டி’ ஆனார்கள். நான்கே பேர். அவர்களுடைய முதல் இசைத்தட்டின் (1973) முதல் பதிவு நாடோடிகளைப் பற்றிய ஒரு பாட்டில் தொடங்கி, நிற்காமல், பதினேழாம் நூற்றாண்டு யாழ்க் கலைஞர் ருவாரி டால் ஓ கஹானின் மெட்டுக்குள் நழுவுகிறது. இதே யாழ் மெட்டை ஓ ரியாடாவின் குழுவும் வாசித்திருக்கிறது. ஓ ரியாடா ஹார்ப்சிகார்டால் செய்ய முயன்றதை இங்கே லனியின் பூசூக்கியும் இர்வைனின் மாண்டலினும் சேர்ந்து செய்கின்றன. ஒன்று விட்ட இடைவெளியில் இன்னொன்று விழும். தந்திகள் பின்னிப் பின்னி ஓடும். குழலின் சுருதிக் குழாய்கள் ஒலிக்கத் தொடங்கும்போது எந்த உரசலும் இல்லை, ஏனென்றால் பூசூக்கியும் சட்ஜ-பஞ்சமத்தில்தான் நிற்கிறது. ‘பக்கவாத்தியம்’ என்ற நம் வழக்கு இதற்கு முற்றிலும் பொருந்தாது. இது பாதி பக்கவாத்தியம், பாதி எதிர்மெட்டு.

கருவியின் உடலும் மாறத் தொடங்கியது. கிரேக்கப் பூசூக்கியின் பின்புறம் மரப்பட்டிகளை ஒட்டிய குவிந்த கிண்ணம். இடது கைப் பழக்கமுள்ள லனிக்காக ஆங்கிலக் கருவித் தச்சர் பீட்டர் அப்னெட் 1970-களின் தொடக்கத்தில் அந்த ஆழமான கிண்ணம் இல்லாத பின்புறத்தோடு ஒன்றைச் செய்துகொடுத்தார்; ‘ஐரிஷ் பூசூக்கி’ என்ற தனி இனம் அங்கிருந்து கிளைத்தது. கிரேக்கர் தாழ்ந்த தந்திகளை எட்டுச்சுர இடைவெளியில் இணையாகக் கட்டுவார்கள். அயர்லாந்தில் பலர் அவற்றை ஒரே சுரத்தில் கட்டினார்கள். அடித்தளம் கனமாகவும் தெளிவாகவும் கேட்டது. டி டானன் குழுவின் அலெக் ஃபின் மட்டும் குவிந்த பின்புறமுள்ள மூன்று இணைத் தந்திக் கிரேக்கக் கருவியையே கடைசிவரை வைத்திருந்தார். அவர் விலகி நின்றது வாதத்துக்கு ஊறு செய்யவில்லை. பழைய ச-ப-ச கருவி அயர்லாந்து மெட்டுக்கு அப்படியே பொருந்தும் என்பதை அது காட்டுகிறது.

இங்கே வலுவான ஓர் எதிர்ப்பு எழும். கிதார் ஏற்கெனவே இருந்ததே? விலை மலிவு, எங்கும் கிடைக்கும், பாட்டுப் பாடுபவர்கள் கையில் 1950-களிலிருந்தே இருக்கிறது; காலியிடம் என்று ஒன்று இருந்திருந்தால் அதையல்லவா நிரப்பியிருக்க வேண்டும்? இதற்கு வரலாறு தரும் பதில் சுவையானது. வழக்கமான சுதிச் சேர்ப்பில் கிதாரின் இரண்டாம், மூன்றாம் தந்திகளுக்கு நடுவே அந்தர காந்தார இடைவெளி இருக்கிறது. விரலைப் பழக்கப்பட்ட இடத்தில் வைத்தால் முழுச் சுரக்கூட்டே வரும். அயர்லாந்து நடன மெட்டுகளுக்குள் கிதார் மதிப்போடு நுழைந்தது டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்ற வேறொரு சேர்ப்பின் வழியாக. அதாவது ச-ப-ச-ம-ப-ச. 1975-இல் தட்டு வெளியிட்ட ‘பாத்தி பேண்ட்’ குழுவில் மீஹால் ஓ டோனல் அதைக் கையாண்டார்; அதே குழுவில் லனியின் பூசூக்கியும் இருந்தது. இந்தச் சேர்ப்பைப் பரப்பியவர் ஆங்கிலேயர் டேவி கிரகாம். 1960-களின் தொடக்கத்தில் மொரோக்கோவின் டாஞ்சியரில், ஊத் என்ற தந்திக் கருவி வாசிக்கும் அந்நாட்டுக் கலைஞர்களோடு சேர்ந்து வாசிக்க வசதியாக அவர் அதைக் கண்டுகொண்டார். பிறகு ஓர் அயர்லாந்துப் பாட்டின் மெட்டையே அதில் வாசித்துக் காட்டினார். ஆக, கிதார் அந்த இடத்தில் உட்கார வேண்டுமானால் அதுவும் காந்தாரத்தைக் கைவிட வேண்டியிருந்தது, அதுவும் மத்தியதரைக் கடலோரத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யாமல், இரண்டு கருவிகள் இரண்டு வழியில் ஒரே தீர்வுக்கு வந்து நிற்கின்றன என்றால் இடத்துக்கு ஒரு வடிவம் இருந்தது என்றுதான் பொருள்.

மத்தியதரைக் கடல் இரண்டு முறையும் எப்படி வந்தது? ஆதி உறவுக் கொள்கைக்காரர்கள் இதைப் பற்றிக்கொள்வார்கள். ஓ ரியாடாவே அயர்லாந்து இசை ஐரோப்பியத் தன்மையைவிடக் கீழைத் தன்மை கொண்டது என்று வாதிட்டவர். பாப் குவின் 1980-களில் எடுத்த ‘அட்லாண்டியன்’ ஆவணப்படங்கள் அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையையும் வட ஆப்பிரிக்காவையும் கடல்வழி உறவால் இணைக்க முயன்றன. அழகான படங்கள். ஆனால் பூசூக்கியின் கதைக்கு இப்படிப்பட்ட உறவு தேவையே இல்லை. சுருதியின்மேல் ஒற்றை மெட்டு நகரும் இசை எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் காந்தாரம் நீங்கிய சுதிச் சேர்ப்புகள் தோன்றும். பிரேயஸும் டாஞ்சியரும் கிளேரும் தனித்தனியாக அந்த நிலையில் இருந்தன. வடிவம் ஒத்திருப்பதைக் குருதி உறவுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. தவிர, ஆதி உறவுதான் காரணம் என்றால் கிரேக்கத்தின் சுரப் பாதைகளும் அயர்லாந்துக்கு வந்திருக்க வேண்டும். அவை வரவில்லை.

தற்செயல் வாதம் இதைவிடக் கடினமானது. மொய்னிஹன் கையில் அன்று பூசூக்கிக்குப் பதில் வேறொன்று கிடைத்திருந்தால்? உண்மையில், கிடைத்தவை பல. ஹார்ப்சிகார்டு வந்தது, பாத்தி பேண்டில் கிளாவினெட் என்ற மின் விசைப்பலகை வந்தது, இர்வைன் ஹர்டி-கர்டி என்ற சுழற்சக்கரத் தந்திக் கருவியையும் வாசித்தார். இவற்றில் எதுவும் செஷன்களில் வேரூன்றவில்லை. தற்செயல் கருவியைக் கரையில் கொண்டுவந்து போடும், நிறுத்தி வைக்காது. இதைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஓர் ஒப்பீட்டை விட்டுச் சென்றிருக்கிறது. பூசூக்கி வந்த அதே சில ஆண்டுகளில், அதே மனிதர்கள் வழியாக, தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இன்னொரு சரக்கும் அயர்லாந்துக்கு வந்தது: பால்கன் தாளங்கள்.

1968-இல் சுவீனீஸ் மென் குழுவை விட்டு இர்வைன் கிழக்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். யூகோஸ்லாவியா, ருமேனியா, பல்கேரியா என்று சுற்றினார். பல்கேரிய நடனங்களில் அடிகள் சமமாக விழுவதில்லை. ராச்செனிட்சா நடனத்தில் 2+2+3 என்று ஏழு, பைடுஷ்கோவில் 2+3 என்று ஐந்து, கோபானிட்சாவில் 2+2+3+2+2 என்று பதினொன்று. மிஸ்ரத்துக்கும் கண்டத்துக்கும் பழகிய நம் காதுக்கு இதில் வியப்பு குறைவு. சமமாகப் பிரியும் அடிகளுக்கு மட்டும் பழகிய அயர்லாந்துக் காதுக்கு இது புதிய உலகம். 1974-இல் பிளாங்ஸ்டியின் மூன்றாம் தட்டில் ‘மொமின்ஸ்கோ ஹோரோ’ என்ற பல்கேரிய மெட்டு இடம்பெற்றது; 1979-இல் ‘ஆஃப்டர் தி பிரேக்’ தட்டு ‘ஸ்மெசெனோ ஹோரோ’வில் முடிந்தது. இர்வைனும் துருத்திக் குழல் கலைஞர் டேவி ஸ்பிலேனும் 1992-இல் கொண்டுவந்த ‘ஈஸ்ட் விண்ட்’ தட்டு முழுக்கப் பால்கன் இசைதான். ஹங்கேரியப் பாடகி மார்தா ஷெபெஸ்ட்யேனும் பல்கேரியப் பின்னணியுள்ள நிகோலா பரோவும் அதில் பங்கேற்றார்கள். அதைத் தயாரித்தவர் இசையமைப்பாளர் பில் வேலன். 1981-இல் யூரோவிஷன் பாடல் போட்டியின் இடைவேளைக்காகப் பிளாங்ஸ்டியோடு வேலை செய்திருந்த அவரே, 1994 ஏப்ரல் 30 அன்று அதே போட்டியின் இடைவேளையில் அரங்கேறிய ‘ரிவர்டான்ஸ்’ நடனத்துக்கு இசையமைத்தார். அந்த ஏழு நிமிட ஆட்டத்தில் சமமில்லாத அடிகள் அயர்லாந்துக் கால்களில் ஏறின. பின்பு அது முழுநீள நிகழ்ச்சியானபோது மாசிடோனியாவின் பெயரைத் தாங்கிய ஒரு பகுதியே சேர்ந்தது. இர்வைனும் லனியும் பரோவும் 2002-இல் தொடங்கிய ‘மொசைக்’ குழு இன்னும் ஒருபடி மேலே போய் அயர்லாந்து, அமெரிக்க, பால்கன் மரபுகளை ஒரே மேடையில் கலந்தது.

இவ்வளவு திறமையும் புகழும் பின்னால் இருந்தும் பால்கன் தாளம் அயர்லாந்து மரபுக்குள் போகவில்லை. செஷனில் ஏழடியில் ஒரு மெட்டைத் தொடங்கினால் பெரும்பாலும் தொடங்கியவரும் அவருக்குத் தெரிந்த ஓரிருவருமே வாசிப்பார்கள். மேடையில் அது ஜொலித்தது, வட்டத்தில் வேர்விடவில்லை. காரணம், தாளத்தின் இடம் அங்கே காலியாக இல்லை. ரீல், ஜிக், ஹார்ன்பைப், ஸ்லிப் ஜிக் என்று ஒவ்வொரு தாளத்துக்கும் ஓர் ஆட்டம், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நூற்றுக்கணக்கான மெட்டுகள், அவற்றைச் சுமக்கும் கால்கள் இருந்தன. ஸ்லிப் ஜிக்கின் ஒன்பதுகூட 3+3+3 என்ற சமப் பிரிவுதான். பல்கேரியரின் 2+2+2+3 அல்ல. தாளத்தை மாற்ற வேண்டுமானால் ஆட்டத்தையே மாற்ற வேண்டும். பூசூக்கியைச் சேர்க்க ஒரு மெட்டையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ரிவர்டான்ஸ் மேடையில் அது சாத்தியமானதும் இதனால்தான்: அங்கே ஆட்டத்தையே புதிதாக அமைத்தார்கள். ஒரே மனிதர்கள், ஒரே காலம், ஒரே திசையிலிருந்து வந்த இரண்டு சரக்கு. ஒன்று நிலைத்தது, ஒன்று விருந்தாளியாகவே இருந்தது. நாகரிகமோ தற்செயலோ மட்டும் காரணமாக இருந்திருந்தால் இரண்டின் விதியும் ஒன்றாக இருந்திருக்கும்.

இனி எஞ்சியிருப்பது, என் வாதத்தின் அடித்தளத்தையே கேள்வி கேட்கும் எதிர்ப்பு. அயர்லாந்து இசையின் பெரும் ஆய்வாளர் பிரெண்டான் பிரானக், 1971-இல் வெளிவந்த தம் நூலில், அந்த இசை இயல்பிலேயே ஒற்றை மெட்டு இசை, தனி ஆள் வாசிக்கும் கலை, ஹார்மனி அதற்கு அந்நியம் என்ற நிலையை எடுத்தார். அப்படியானால் காலியிடம் எங்கே இருந்தது? தானே முழுமையான ஒன்றில் குறை காண்பது, பின்னால் வந்த வணிகத்தின் கண்ணால் முன்னதைப் பார்ப்பதல்லவா? இந்த எதிர்ப்பை நான் பாதிக்கு மேல் ஏற்கிறேன். தனியாக அமர்ந்து வாசிக்கும் ஃபிடில்காரருக்கோ, பக்கவாத்தியம் இன்றி, கண்ணை மூடிப் பழைய ‘ஷான்-நோஸ்’ பாணியில் பாடும் பாடகருக்கோ எதுவும் குறையவில்லை. இடம் காலியானது மெட்டுக்குள் அல்ல, குழுவுக்குள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனில் குடியேறிய அயர்லாந்துத் தொழிலாளர்கள் மதுக்கடைகளில் கூடி வாசிக்கத் தொடங்கியபோது, ஓ ரியாடா கலைஞர்களை அரங்கில் அமர்த்தியபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் நாற்பது நிமிடத் தட்டு நிரப்ப வேண்டியிருந்தபோது, ஒற்றை மெட்டை நாலைந்து பேர் ஒன்றாக வாசிப்பது போதாமல் போயிற்று. ஆகவே காலியிடம் என்பதும் வரலாற்றில் உண்டான ஒன்றுதான். 1950-க்கு முன் அதைத் தேடினால் கிடைக்காது. பிரானக் காக்க முயன்ற தனி வாசிப்பு இன்றும் இருக்கிறது, போட்டிகளில் அதற்கே முதல் மதிப்பு. பூசூக்கி அதன் இடத்தைப் பறித்ததாகத் தெரியவில்லை.

அயர்லாந்துக்கு வெளியே இதை ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நாடுகள் உதவும். ஸ்வீடனின் ஃபிடில் மரபும் பெரும்பாலும் பக்கவாத்தியம் இல்லாத மெட்டு மரபு. கிரேக்க இசைக்குழுவில் பூசூக்கி வாசித்துப் பழகிய அலே மொல்லர் அந்த நீள்கழுத்துத் தந்திக் கருவிகளின் வகையை ஸ்வீடனின் நாட்டார் இசைக்குக் கொண்டுவந்தார்; அது அங்கே நிலைத்தது. ஹங்கேரியின் கதை வேறு. 1972-இல் புடாபெஸ்டில் தொடங்கிய ‘தான்ஸ்ஹாஸ்’ நடன வீட்டு இயக்கம் திரான்சில்வேனியக் கிராமக் குழுக்களை முன்மாதிரியாகக் கொண்டது. அந்தக் குழுக்களில் முதல் ஃபிடிலுக்குப் பக்கத்தில் ‘கோன்ட்ரா’ என்ற மூன்று தந்தி வயோலா இருக்கும். அதன் பாலம் தட்டையானது. வில்லை ஒருமுறை இழுத்தால் மூன்று தந்தியும் சேர்ந்து முழுச் சுரக்கூட்டாக ஒலிக்கும். கீழே ஒரு பாஸ். இடம் அங்கே தலைமுறைகளாக நிரம்பியிருந்தது. பால்கனுக்கு அயர்லாந்தைவிடப் பன்மடங்கு அருகில் இருந்தும், தான்ஸ்ஹாஸ் குழுவின் மையத்தில் பூசூக்கி உட்காரவில்லை. தொலைவும் அண்மையும் இதைத் தீர்மானிப்பதில்லை.

செஷன் வட்டத்தில் எழுதப்படாத ஒரு மரியாதை உண்டு. ஆறு ஃபிடில்கள் வந்தாலும் ஆறும் வாசிக்கலாம், மெட்டு ஒன்றுதான் என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பூசூக்கியோ கிதாரோ இரண்டாவதாக வந்தால் அவர் சற்றுப் பொறுத்திருந்து, முதலாமவர் ஓய்வெடுக்கும்போது தொடங்குவதே நாகரிகம். ஒரே மெட்டுக்கு இருவர் இருவிதமாக அடித்தளம் போட்டால் காந்தாரத்தைக் கைவிட்டதால் கிடைத்த சுதந்திரம் முழுவதும் குழம்பிப்போகும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். லனியும் ஓ டோனலும் பாத்தி பேண்டில் ஒன்றாக வாசித்தார்களே என்றால், அது ஒத்திகை பார்த்துப் பங்கு பிரித்துக்கொண்ட மேடைக் குழு. முன்பின் பழகாதவர்கள் கூடும் மதுக்கடை வட்டத்தில் இன்றும் அந்த இடம் ஒன்றுதான்.